துக்கடா நேரத்து நாயகர்கள்

கூடைப்பந்துக்கு ஒரு பிறவிக் குறை உண்டு. கிரிக்கெட்டில் பத்து விக்கெட் விழுந்தால் மூட்டை கட்டலாம். குத்துச்சண்டையில் ஒருவர் மல்லாந்தால் விளக்கை அணைக்கலாம். சதுரங்கத்தில் தோற்பவரே கைகொடுத்துவிட்டு எழுந்து போய்விடுவார். அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்தில் மட்டும், ஓர் அணி 25 புள்ளி முன்னால் நின்றாலும், 48 நிமிடத்தை ஆடித் தீர்த்தே ஆகவேண்டும். முடிவு தெரிந்த பிறகும் ஓடுகிற அந்தக் கடைசி நிமிடங்களுக்கு அமெரிக்கர்கள் 'கார்பேஜ் டைம்', அதாவது குப்பை நேரம், என்று பெயர் வைத்திருக்கிறார்கள். டிக்கெட்டுக்குக் கொடுத்த காசில் இந்தக் குப்பைக்கும் ஒரு பங்கு உண்டு என்பதுதான் ரசிகரின் துயரம். வயதான ஆட்டக்காரர்கள் மேல் அவர் காட்டும் வெறிக்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது என்பது என் கட்சி. பழைய நினைவு, நன்றி என்று மற்றவர்கள் சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் நன்றி மனிதரைப் பொன்னாடை போர்த்த வைக்கும். தொண்டை கிழியக் கத்த வைக்காது. கத்துவதற்கு ஓர் எதிர்பார்ப்பு வேண்டும். வெற்றி தோல்வி முடிவாகிவிட்ட அரங்கில் எதிர்பார்க்க மிச்சமிருப்பது ஒன்றே ஒன்று: பெஞ்சின் கோடியில் முழங்காலைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெரியவர் எழுந்து வருவாரா?

மியாமி ஹீட் அணியின் யுடோனிஸ் ஹாஸ்லமை எடுத்துக்கொள்ளுங்கள். 2002இல் புதுமுகங்களுக்கான தேர்வில் எந்த அணியும் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. பிரான்ஸுக்குப் போய் ஓராண்டு ஆடி, உடம்பைக் குறைத்துக்கொண்டு வந்து, 2003இல் சொந்த ஊர் அணியில் சேர்ந்தவர், 20 சீசன் அங்கேயே இருந்தார். மூன்று சாம்பியன் பட்டம், அணியின் வரலாற்றிலேயே அதிக ரீபவுண்ட் என்று கணக்கில் குறையில்லை. ஆனால் கடைசி ஏழு சீசன்களில் ஒன்றில்கூட அவர் 20 ஆட்டத்தைத் தொடவில்லை. ஒரு முழு சீசனுக்கு 82 ஆட்டம். 2020-21இல் ஆடியது ஒரே ஓர் ஆட்டம். மூன்று நிமிடத்துக்கும் குறைவாகக் களத்தில் நின்றார், நான்கு புள்ளி எடுத்தார், எதிரணியின் ட்வைட் ஹாவர்டுடன் மோதினார், வெளியேற்றப்பட்டார். அந்த ஆண்டு அவர் ஆடிய நேரத்தில் ஒரு முட்டை வேகாது. ஆனால் அறிமுகம், எழுச்சி, சண்டை, நாடு கடத்தல் என்று ஒரு முழுக் காவியமும் அதற்குள் முடிந்துவிட்டது. தினமும் 35 நிமிடம் ஆடும் இளைஞர் தரும் சுவாரசியத்தை நிமிடத்துக்கு இவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால், ஹாஸ்லமின் பக்கத்தில் நிற்க ஆளில்லை.

ஓர் ஆளை வைத்துக் கொள்கை கட்டலாமா என்று கேட்பீர்கள். மூத்தவர்களுக்குக் கிடைத்த பெரிய ஆரவாரங்களில் சிலவற்றைப் புரட்டிப் பாருங்கள். எல்லாமே உயிர் போன ஆட்டங்கள். 2016 ஏப்ரல் 13 அன்று கோபி பிரயன்ட் தன் கடைசி ஆட்டத்தில் 60 புள்ளி எடுத்தார். அந்த சீசனில் லேக்கர்ஸ் அணிக்கு 17 வெற்றி, 65 தோல்வி. எதிரே நின்ற யூட்டா ஜாஸுக்கும் ப்ளே ஆஃப் வாய்ப்பு போயே போய்விட்டது. இரண்டு அணிக்கும் ஒரு பயனுமில்லாத ஆட்டம். அதே இரவு கோல்டன் ஸ்டேட் அணி தன் 73ஆவது வெற்றியைப் பெற்று, இருபது ஆண்டுகளாக நின்ற சிகாகோவின் 72 வெற்றிச் சாதனையை உடைத்துக்கொண்டிருந்தது. என்பிஏ வரலாற்றில் எந்த அணியும் செய்யாததைச் செய்தவர்கள் பாவம், 37 வயதுக்காரரின் வழியனுப்பு விழாவோடு போட்டி போட வேண்டியிருந்தது. டிர்க் நொவிட்ஸ்கி கதை இன்னும் வேடிக்கை. 2019 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலிஸ் கிளிப்பர்ஸ் அரங்கில் அவருடைய டல்லாஸ் அணி தோற்கப்போகிறது என்பது உறுதியாகி, சில விநாடிகளே மிச்சம். எதிரணிப் பயிற்சியாளர் டாக் ரிவர்ஸ் டைம் அவுட் கேட்டார். வியூகம் வகுக்க அல்ல. மைக்கை வாங்கி, டிர்க்குக்குக் கைதட்டுங்கள் என்று தன் ஊர் ரசிகர்களிடம் சொல்வதற்காக. ஆட்டத்துக்கு உயிர் இருந்திருந்தால் எந்தப் பயிற்சியாளரும் எதிரியை இப்படிச் சீராட்டியிருக்கமாட்டார். அடுத்த ஆண்டு மார்ச் 11 அன்று அட்லாண்டாவில் 43 வயது வின்ஸ் கார்ட்டர், அணி தோற்பது உறுதியான பிறகு, கூடுதல் நேரத்தின் கடைசி விநாடிகளில் இறங்கினார். அரங்கமே அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருந்தது. மூன்று புள்ளி எறிதல் ஒன்றைப் போட்டார். அணி ஐந்து புள்ளியில் தோற்றது. கொரோனாவால் அன்றிரவே சீசன் நிறுத்தப்பட்டதால், நான்கு பத்தாண்டுகளில் கால் வைத்த அவருடைய கடைசி எறிதல் அதுவாகிப் போயிற்று.

கச்சேரிக்குப் போகிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பிரதான ராகம், தனி ஆவர்த்தனம் எல்லாம் முடிந்து, பாதிப் பேர் கேன்டீனுக்குப் போன பிறகுதான் துக்கடா என்னும் சின்னப் பாட்டுகளைக் கேட்டு மேடைக்குச் சீட்டுகள் பறக்கும். துக்கடாவுக்கு இருக்கும் பாசம் வேறு.

இது கைதட்டல் அல்ல, கேலி என்பது அடுத்த ஆட்சேபம். இதில் கொஞ்சம் நியாயம் உண்டு. சிகாகோவில் பெஞ்சில் இருந்த பிரயன் ஸ்கலப்ரீன் பெயரை அரங்கமே கூவியபோது அதில் பாதி குறும்புதான். கோபியின் 'பிளாக் மாம்பா' பட்டத்தைத் திருப்பிப்போட்டு அவரை 'வைட் மாம்பா' ஆக்கியதிலேயே அது தெரியும். ஆனால் ஓய்வுக்குப் பிறகு, இவரை நாமே ஜெயித்துவிடலாம் என்று நினைத்த நாலு பேரோடு அவர் தனித்தனியே மோதியபோது மொத்தக் கணக்கு 44-6. பெஞ்சின் கோடியில் இருப்பவர் யார் என்பதைக் கேலி செய்தவர்கள் அன்று அறிந்துகொண்டார்கள்.

செலவுக் கணக்கு பேசுபவர்கள் இன்னும் கடுமையானவர்கள். அணியில் 15 இடம். அதில் ஒன்றை உட்காருவதற்கென்றே ஒருவருக்குக் கொடுத்து, கடைசி ஆண்டில் சுமார் 29 லட்சம் டாலரும் கொடுப்பது நியாயமா? இளைஞர்கள் ஹாஸ்லமைப் பார்த்துக் கற்றார்கள் என்பது வழக்கமான பதில். அது உண்மைதான், ஆனால் நான் அதற்குள் போகவில்லை; கற்றுக்கொடுக்கச் சம்பளத்துக்குப் பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள். அவர்களில் எவரும் குப்பை நேரத்தில் ஆயிரக்கணக்கானோரை இருக்கையில் பிடித்துவைக்க முடியாது. கோபி விஷயத்தில் எனக்கும் கொஞ்சம் உறுத்தல் உண்டு: கடைசி நாளில் 50 முறை எறிந்து 22 முறை போட்டார், வளரவேண்டிய பிள்ளைகள் பந்தைக் கண்ணால் பார்த்ததே பெரிது. 65 தோல்விக்குப் பிறகு வளர்ச்சியை ஒரு நாள் தள்ளிப்போட்டால் குடிமுழுகிவிடாது என்று சமாதானம் செய்துகொள்கிறேன்.

என் கட்சிக்கு எதிராக நிறுத்தக்கூடிய பெரிய சாட்சி லெப்ரான் ஜேம்ஸ். 40 வயதுக்கு மேலும் ஆடுகிறார். 2024 அக்டோபரில் மகன் பிரானியோடு ஒரே ஆட்டத்தில் இறங்கினார். அந்த சீசனில் ஆடியவர்களில் இவரைவிட மூத்தவர் யார்? ஆனால் கவனியுங்கள்: பாதி ஊர் இவரை இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறது. காரணம் எளிது. 2024-25இலும் சராசரி 24 புள்ளிக்கு மேல். முடிவு தெரியாத நேரத்திலும் பந்து இவர் கையில்தான். இவரால் இன்னும் ஓர் அணியைத் தோற்கடிக்க முடியும். அந்தத் திறமை இருக்கும்வரை யாரும் ஒருவரை மனதார நேசிப்பதில்லை.

ஹாஸ்லமுக்கு அந்தத் தொல்லை இல்லை. 2023 ஜூன் 7 அன்று, 43ஆவது பிறந்தநாளுக்கு இரண்டு நாள் முன்னால், டென்வருக்கு எதிரான இறுதிச் சுற்றின் மூன்றாவது ஆட்டத்தில் கடைசிச் சில விநாடிகளுக்கு இறங்கினார். இறுதிச் சுற்றில் ஆடியவர்களிலேயே மிக மூத்தவர் என்ற பெயர் கரீம் அப்துல் ஜப்பாரிடமிருந்து அவருக்கு வந்துசேர்ந்தது. மியாமி சொந்த மண்ணில் 15 புள்ளியில் தோற்ற ஆட்டம் அது. ஹாஸ்லம் ஒரு புள்ளியும் எடுக்கவில்லை.