ஆளொசரப் புல்லு, அரைவயித்துச் சத்து

வாங்க மாப்ள, கட்டல்ல உக்காருங்க. உங்க புல்லுக்காட்டப் போட்டோ புடிச்சு வாட்ஸப்புல போட்டிருந்தீங்களாமா, பேரன் காட்டுனான். கோ-4 புல்லு உங்களையே மறைச்சுப்போட்டு நிக்குது. அப்புறம் மாடு மட்டும் எதுக்குங்க கட்டுத்தரைச் சுவத்த நக்கிக்கிட்டு நிக்குது? தாது உப்புக் கொறைஞ்ச மாடு அப்படித்தான் செய்யும்னு டாக்டரு சொன்னாரு. நீங்க பாத்த வைத்தியந்தான் எனக்குப் புடிச்சது: சுவத்துக்குச் சிமெண்டு பூசிப்புட்டீங்க. கருப்பு மாட்டு மயிரு செம்பட்டை பாஞ்சிருக்குது, தாமிரச்சத்துக் கொறையா இருக்கலாம்னாரு. அதுக்கு ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டறீங்க. நல்லது.

உங்க வெவசாயத்தக் கொறை சொல்ல நான் ஆரு? இன்னும் பேரு வாங்க நாலு ரோசனை மட்டும் சொல்றேன்.

மொத ரோசனை, அவசரப்பட்டு அறுக்காதீங்க. மொத அறுப்புக்கு அப்புறம் 45 நாளைக்கு ஒருக்கா அறுக்கச் சொல்லுவாங்க. அப்பத்தான் இலை நெறைய இருக்கும், சத்தும் இலையிலதான் இருக்கும். நீங்க விட்டுப்போடுங்க, தண்டு முத்தட்டும். மாடு ஒதுக்குன தண்டை அள்ளிக் கொட்டுனா குப்பைக்குழியாச்சும் செழிக்கும்.

ரெண்டாவது, யூரியாவ நிறுத்தீறாதீங்க. பயிரு தடதடன்னு வளந்தா, வேரு தேடி எடுத்த கொஞ்சநஞ்சத் துத்தநாகமும் தாமிரமும் அத்தனை தழைக்கும் பங்கு பிரியோணும். பந்தியில ஆளு கூடக்கூட மோருல தண்ணி ஊத்தற கணக்குத்தான். டம்ளரு என்னமோ நெறைஞ்சுதான் இருக்கும்.

மூணாவது, ஜிங்க் சல்பேட்ட டிஏபியோட ஒரே கூடையில கொட்டிக் கலக்குங்க. மணிச்சத்தும் துத்தநாகமும் கட்டிப்புடிச்சுக்கிட்டு மண்ணுக்குள்ளயே குடித்தனம் பண்ணும், வேருக்குள்ள ஏறாது. உங்க காடு வேற சுக்காங்கல்லுப் பூமி. சுண்ணாம்பு மிஞ்சுன மண்ணு துத்தநாகத்தையும் இரும்பையும் அமுக்கி வெச்சுக்கும். வெவரமானவன் ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட்ட மணல்ல கலந்து தனியா வீசுவான். பத்தாக்கொறைக்கு 10 லிட்டர் தண்ணியில 50 கிராம் ஜிங்க் சல்பேட்டும் 25 கிராம் நீத்த சுண்ணாம்பும் கரைச்சு இலை மேல தெளிப்பான். நமக்கெதுக்குங்க அந்த வெவரமெல்லாம்?

நாலாவது, புல்லு ஒண்ணே போதும்னு இருங்க. மூணு வரிப் புல்லுக்கு ஒரு வரி வேலிமசால் போட்டா புரதத்தோட சுண்ணாம்புச் சத்தும் சேருமாமா. உங்க கோ-4 மாதிரி நேப்பியர் புல்லுல இருக்கற ஆக்ஸலேட்டு, இருக்கற சுண்ணாம்புச் சத்தையும் கட்டிப்போடுமாமா. வரப்புல நாலு அகத்தி வெச்சாலும் ஆகும். உங்க அப்பிச்சி பள்ளிக்கூடம் போகாத மனுசன், அவருக்கு என்ன தெரியும்? கொறங்காட்டுல கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேலங்காயும் இன்னும் பேரு தெரியாத பூண்டும் மேயட்டும்னு காங்கயம் மாட்ட அவுத்து விட்டாரு. வேணுங்கறத அது பொறுக்கித் தின்னுச்சு. நீங்க படிச்சவரு, கட்டிப்போட்டு ஒரே தீனி வெக்கறீங்க.

பின்லாந்துக்காரங்க நம்மள மாதிரி கெட்டிக்காரங்க இல்லீங்க. மண்ணுல செலினியம் கொறைச்சல்னு தெரிஞ்சு, அத உரத்துலயே சேக்கோணும்னு 1984ல அரசாங்கம் முடிவெடுத்துச்சு. உரத்துலருந்து தீவனத்துக்கு ஏறி, பாலுக்கு ஏறி, கடைசியில சனங்க ஒடம்புலயும் ஏறிருச்சு. இதக் கேட்டுப்போட்டு நாளைக்கே செலினியம் எங்க கெடைக்கும்னு கெளம்பீறாதீங்க. பஞ்சாபுல நவான்சஹர், ஓசியார்பூர் பக்கத்துச் சில காட்டுல அது மிஞ்சிப்போயி மாட்டுக்குக் குளம்பே கழண்டிருக்குது. செம்மறிக்குத் தாமிரம் கூடுனா ஈரலு கெட்டுப்போகும். நுண்ணூட்டம் பேருக்கேத்தாப்புல நுணுக்கித்தான் குடுக்கோணும்.

அப்புறம், புல்லு வழியாவே எல்லாச் சத்தையும் ஏத்திப்புடலாம்னும் நெனைக்காதீங்க. கறவை மாட்டுக்கு டாக்டரு சொன்ன அளவுல தாது உப்புக் கலவையும் வெக்கோணும். அந்தப் பாக்கெட்டு ஒண்ணு உங்க பரண்மேல தூசி புடிச்சுக் கெடக்குதுன்னு அக்கா சொன்னா. பரணுக்குச் சத்துக் கொறைவில்ல, சந்தோசம்.

இதுல எது கொறை, எது மிச்சம்னு உங்க காட்டு மண்ணுக்குத்தான் தெரியும். மண் பரிசோதனைக்கு அரைக்கிலோ எடுத்துக் குடுத்து, நுண்ணூட்டமும் பாக்கச் சொல்லுங்க. காட்டுல பல எடத்துல எடுத்துக் கலந்து குடுக்கோணும். கிட்டத்துல இருக்குதேன்னு எருக்குழி ஓரத்துல அள்ளீட்டுப் போயிராதீங்க. ரிப்போர்ட்டு என்னமோ அமோகமாத்தான் வரும், ஆனா உங்க மாடு எருக்குழியில மேயறதில்லீங்களே மாப்ள!