வாயில் நுழையாத வரம்

வானூர்ப் பக்கம் முனுசாமி, அஞ்சலை, ஏழுமலையெல்லாம் தாத்தா பாட்டியோடு நின்றுபோனது நல்லதுதான். உப்பள வரப்பில் நின்று ஒரே மூச்சில் கூப்பிட்டுவிட முடிகிற பெயருக்கு என்ன மரியாதை? இன்றைய தக்ஷித், யாஷ்விக், ஹர்ஷிக்கிடம் அந்தக் குறை கிடையாது. ஜோசியர் முதலெழுத்தைத் தருகிறார், நியூமராலஜிக்காரர் கூடவே ஓர் ‘எச்’சைச் செருகுகிறார், மிச்சத்தைச் செல்போன் பார்த்துக்கொள்கிறது. பாட்டி வாயில் நுழையவில்லையே என்பார்கள். நுழைந்தால் கடைக்குப் போய்வரச் சொல்லுவாள். நுழையாதவரை பிள்ளைக்கு நிம்மதி. தமிழ் என்னாவது என்பவர்களுக்கும் பதில் உண்டு. வேதாசலம் 1916இல், நாற்பதை நெருங்கும் வயதில்தானே மறைமலையடிகள் ஆனார்? தமிழுக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

சட்டமும் நம் பக்கம். 1969ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி பெயரில்லாமலே பிறப்பைப் பதியலாம். 12 மாதத்துக்குள் பெயர் சேர்க்கக் கட்டணமில்லை, தாமதக் கட்டணம் கட்டினால் 15 ஆண்டு வரை அவகாசம். ஊரில் யாருக்கும் இல்லாத பெயரைத் தேட அவ்வளவாவது வேண்டாமா? தேடலின் பலனைப் பள்ளியில் பார்க்கலாம். சத்தம் அடங்கட்டும் என்று டீச்சர் ‘ஷ்ஷ்’ என்றால், பாதி வகுப்பு எழுந்து ‘உள்ளேன் டீச்சர்’ என்கிறது.