50 சதவீத வாசலும் மூன்றாம் செமஸ்டர் பாட்டிகளும்

அனுப்புநர்: மேற்கு மாரெட்பள்ளியில் பென்ஷன் வாங்கும் ஒரு தமிழன்

பெறுநர்: மேலாண்மைக் கல்வி நிறுவனங்களின் சேர்க்கைக் குழுவினர்

பொருள்: கல்லூரியில் மதிப்பெண் குறைந்தவர்கள் மீது தாங்கள் பொழியும் கருணை

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

எங்கள் தெருப் பிள்ளைகள் விண்ணப்பத்தில் இங்கிலீஷ் திருத்தித் தரச் சொல்லி என்னிடம்தான் வருவார்கள். அந்தத் தகுதியில் எழுதுகிறேன்.

முதலில் ஐஐஎம்களுக்கு. கேட் நுழைவுத் தேர்வு எழுதப் பட்டப்படிப்பில் 50 சதவீதம் போதும் என்கிறீர்கள். பட்டியல் சாதி, பழங்குடி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு 45. எவ்வளவு அகலமான வாசல்! 2024இல் பொதுப்பிரிவுக்குக் கட்டணம் 2,500 ரூபாய். கட்டி முடித்த பிறகுதான் கூடம் குறுகுகிறது. அகமதாபாத்தில் 10, 12, பட்டம் மூன்றையும் தனித்தனியாக எடைபோட்டு, கேட் மதிப்பெண்ணோடு கூட்டித்தான் நேர்காணலுக்கு அழைக்கிறார்கள். பதினைந்து வயதில் சமூக அறிவியலில் கோட்டை விட்டவன் இருபத்திரண்டில் தலைகீழாக நின்றாலும் அந்த எண் அசையாது. ஜாதக தோஷத்துக்காவது பத்மாராவ் நகர் ஸ்கந்தகிரி கோயிலில் அர்ச்சனை உண்டு. பத்தாம் வகுப்பு தோஷத்துக்கு எந்தச் சந்நிதி?

அடுத்து சிஜிபிஏ. இங்கே ஜவஹர்லால் நேரு தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஒருவன் 6.5 வாங்கினால் அரையைக் கழித்துப் பத்தால் பெருக்குவார்கள், 60 சதவீதம். சென்னையில் அவன் சித்தப்பா மகன் அண்ணா பல்கலைக்கழகத்தில் அதே 6.5 வாங்கினால் நேராகப் பத்தால் பெருக்கி 65. பல்கலைக்கழகம் சொல்லும் சூத்திரமே செல்லும் என்பது உங்கள் விதி. ஆக, அந்த ஐந்து சதவீதத்தைச் சம்பாதித்தது பையனல்ல, ரயில் டிக்கெட்.

இனி வெளிநாட்டுப் பள்ளிகளுக்கு. நீங்கள் காது கொடுத்துக் கேட்பவர்கள். மதிப்பெண் ஏன் குறைந்தது என்று சொல்ல ‘விருப்பக் கட்டுரை’ என்று ஒரு கட்டமே வைத்திருக்கிறீர்கள். சுருக்கமாக, சாக்குச் சொல்லாமல், பிறகு எப்படித் தேறினாய் என்று எழுத வேண்டுமாம். நல்லது. நான் திருத்திய கட்டுரைகளில் மூன்றாம் செமஸ்டரில் பாட்டிகள் கொத்துக் கொத்தாகக் காலமாகிறார்கள். அதில் ஒரு பாட்டி நேற்றுகூட மார்க்கெட்டில் கத்தரிக்காய்க்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார். உண்மையிலேயே அப்பாவின் கடையைப் பார்த்துக்கொண்டு அரியர் வைத்த பையனுக்கோ நாலு வரி தாண்டவில்லை. கன்சல்டன்டுக்குக் கொடுக்க அவனிடம் காசில்லை. நீங்கள் எடைபோடுவது கஷ்டத்தையா, கஷ்டத்தை எழுதித் தரும் கூலியையா?

விண்ணப்பிப்பவனின் கணக்குத் திறமையில் சந்தேகம் இருந்தால் ஜிமேட் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கு, கணக்குப்பதிவியல் படித்துக் காட்டு என்பதும் உங்கள் பக்கத்து ஆலோசனைதான். அதற்கென்றே ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூல் இணையத்தில் ‘கோர்’ என்ற படிப்பை விற்கிறது. சந்தேகப்படுவதும் அவர்களே, சந்தேகம் தீர்க்கப் பணம் வாங்குவதும் அவர்களே. வியாபாரம் சொல்லிக்கொடுக்க இதைவிடத் தகுதியானவர்கள் யார்?

மறுபடி ஐஐஎம்களுக்கு. வேண்டுகோள் ஒன்றுதான். கட்டணம் கட்டும் பக்கத்துக்கு முந்தின பக்கத்தில் 10, 12, பட்டம் மூன்று மதிப்பெண்களையும் கேளுங்கள். சென்ற ஆண்டுக் கணக்குப்படி விண்ணப்பிப்பவனுக்கு நேர்காணல் அழைப்பு வர கேட்டில் எவ்வளவு வேண்டியிருந்திருக்கும் என்று அங்கேயே காட்டிவிடுங்கள். அதன் பிறகும் கட்டுகிறவன் கட்டட்டும்.

இப்படிக்கு,
தங்கள் கருணையை அருகிலிருந்து பார்த்தவன்,
மேற்கு மாரெட்பள்ளி, செகந்திராபாத்.