ஐந்து சட்டை, ஒரே துடைப்பம்

அந்த அக்காவிடம் ஐந்து சட்டைகள் இருக்கின்றன. பச்சை, நீலம், ஆரஞ்சு, சாம்பல், மறுபடியும் நீலம். புடவைக்கு மேல் மாட்டிக்கொள்ளும் தொளதொளச் சட்டை. முதுகில் கம்பெனிப் பெயர். ஒரு அரசு மருத்துவமனையில் 21 வருஷமாகக் கூட்டித் துடைக்கிறார். வார்டு மாறவில்லை, பினாயில் வாடை மாறவில்லை, மேஸ்திரிகூட மாறவில்லை. டெண்டர் மாறினால் சட்டை மாறும். சட்டை மாறினால் அக்கா புது ஆள். நேற்றுவரை கூட்டியதெல்லாம் போன ஜென்மத்துக் கணக்கு.

நம் அரசாங்கத்துக்கு இளகிய மனசு. தனியாரிடம் உழைத்தவருக்கும் கடைசிக் காலத்தில் கஞ்சி வேண்டுமே என்று 1995 நவம்பரில் ஒரு பென்ஷன் திட்டம் கொண்டுவந்தது. தொழிலாளி சம்பளத்தில் 12 சதவீதம் பி.எஃப்.புக்குப் போகும். முதலாளியும் 12 சதவீதம் போட வேண்டும், அதிலிருந்து 8.33 சதவீதம் பென்ஷன் பக்கம் ஒதுங்கும். மத்திய அரசு தன் பங்காக 1.16 சதவீதம் சேர்க்கும். 58 வயதில் பென்ஷன். பத்து வருஷ சர்வீஸ் மட்டும் இருக்க வேண்டும். 21 வருஷம் கூட்டியவருக்குப் பத்து வருஷம் ஒரு பொருட்டா என்று கேட்பீர்கள். நீங்கள் கான்ட்ராக்டரைப் பார்த்ததில்லை.

பச்சைச் சட்டைக்காரர் நாலு வருஷம் இருந்தார். இருபது பேருக்குக் குறைவாக ஆள் வைத்திருந்தால் பி.எஃப். கட்டாயமில்லை. அவரிடம் அறுபது பேர் வேலை பார்த்தார்கள், நோட்டில் பத்தொன்பது பேர். மிச்சப் பேர் ஆவிகள் போலிருக்கிறது. ஆனால் நன்றாகக் கூட்டின.

நீலச் சட்டைக்காரர் சட்டத்துக்குப் பயந்தவர். மாதம் தவறாமல் பி.எஃப். பிடித்தார். அக்காவின் பங்கைப் பிடித்தார், தன் பங்கையும் அக்கா சம்பளத்திலேயே பிடித்தார். கட்டத்தான் மறந்துவிட்டார், மூன்று வருஷமும். பிடித்த காசைக் கட்டாமல் விழுங்கினால் அது நம்பிக்கை மோசடி என்கிறது தண்டனைச் சட்டம். முதலாளி பங்கைத் தொழிலாளி தலையில் கட்டக்கூடாது என்கிறது பி.எஃப். சட்டம். சட்டத்துக்கு வாய் எட்டு ஊருக்கு நீளம், கைதான் இல்லை. டெண்டர் முடிந்த மறு வாரம் அவர் ஆபீஸ் இருந்த மாடியில் பியூட்டி பார்லர் போர்டு தொங்கியது.

ஆரஞ்சுக்காரர் நிஜமாகவே கட்டினார். இவர்மேல்தான் எனக்குக் கூடுதலாகக் கோபம் வருகிறது. மூன்று வருஷம் கட்டிவிட்டு, போகும்போது ஒரு ஃபாரத்தை நீட்டினார்: "கையெழுத்துப் போடுக்கா, காசு வருது." ஜூன் மாதம், பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் திறக்கிற நேரம். அக்கா போட்டார், காசும் வந்தது. அது 10சி படிவம். அதில் பென்ஷன் பணத்தை எடுத்துவிட்டால் அந்த மூன்று வருஷ சர்வீஸும் சேர்ந்து போய்விடும். எடுக்காமல் ஸ்கீம் சர்டிஃபிகேட் வாங்கி வைத்திருந்தால் அது அடுத்த வேலையோடு ஒட்டிக்கொண்டிருக்கும். இதைச் சொல்ல எத்தனை நிமிஷம் ஆகும்? இரண்டு. அந்த இரண்டு நிமிஷம் யாரிடமும் இருக்கவில்லை.

போகட்டும். சாம்பல் ஐந்து வருஷம், இரண்டாம் நீலம் ஆறு வருஷம். இரண்டு பேருமே கட்டியவர்கள். பதினொன்று ஆயிற்றே, பத்தைத் தாண்டிவிட்டதே என்று அக்காவும் நானும் பிரவுசிங் சென்டருக்குப் போனோம்.

அங்கே அக்கா மூன்று பெண்களாக இருந்தார். சாம்பல் கணக்கில் அப்பா இனிஷியல் முன்னால். நீலக் கணக்கில் வீட்டுக்காரர் இனிஷியல் பின்னால். ஆதாரில் இனிஷியலே கிடையாது. தமிழ்நாட்டில் மனிதர்களுக்கு இனிஷியல் உண்டு என்ற ரகசியம் டெல்லிக் கம்ப்யூட்டருக்கு இன்னும் எட்டவில்லை. மூன்று பெண்களையும் ஒரு பெண்ணாக்க கைரேகை வைக்கச் சொன்னான் பையன். கட்டைவிரல் விழவில்லை. ஆள்காட்டி விரல் விழவில்லை. துடைத்து வைத்தார், எண்ணெய் தடவி வைத்தார். பிளீச்சிங் பவுடர் தின்ற விரல்கள்.

"அக்கா, உங்களுக்கு ரேகையே இல்லையே!"

"ஆஸ்பத்திரித் தரையில போய்த் தேடு தம்பி."

நாலு தடவை நடந்த பிறகு கணக்குகள் சேர்ந்தன. பாஸ்புக்கைத் திறந்தால் 'பங்களிப்பு இல்லாத நாட்கள்' என்று ஒரு வரிசை. அக்கா வேலைக்கு வந்த நாளிலேயே மாதத்துக்கு நாலு, ஐந்தை வராத நாளாகக் காட்டியிருக்கிறார்கள் இரண்டு புண்ணியவான்களும். சல்லிசான வேலை, ஆளுக்கு நூறு இருநூறு மிச்சம். அக்காவுக்கு அது பதினோரு வருஷத்தில் 20 மாதம். கழித்தால் 9 வருஷம் 4 மாதம்.

ஆறு மாதமோ அதற்கு மேலோ இருந்தால் ஒரு வருஷமாகக் கூட்டிக்கொள்வார்கள். ஒன்பதரை என்றால் பத்து, பென்ஷன் உண்டு. 9 வருஷம் 4 மாதம் என்றால் ஒன்பது. ஏறக்குறைய வருஷத்துக்கு ஒரு மாதச் சம்பளம் என்று கையில் கொடுத்து வாசலைக் காட்டுவார்கள்.

அப்படி என்ன புதையலை இழந்துவிட்டார் என்று அதையும் பார்த்துவிடுவோம். கடைசி 60 மாதச் சராசரிச் சம்பளத்தை சர்வீஸ் வருஷத்தால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். அக்காவுக்கு 12,000 ரூபாய் சம்பளம். சீட்டில் அடிப்படைச் சம்பளம் 6,000; மிச்சமெல்லாம் அலவன்ஸ். எல்லாருக்கும் ஒரேபோலத் தரும் அலவன்ஸையும் சேர்த்துத்தான் பி.எஃப். பிடிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2019-லேயே சொல்லிவிட்டது. தீர்ப்பு டெல்லியில் பத்திரமாக இருக்கிறது. ஆறாயிரத்துக்குப் பத்து வருஷக் கணக்கு 857 ரூபாய். மனசு பொறுக்காத அரசு, குறைந்தபட்சம் 1,000 என்று 2014-ல் நிர்ணயித்தது. 2025 முடியும்வரை அந்த ஆயிரம் ஒரு ரூபாய்கூட அசையவில்லை. பஞ்சப்படி கிடையாது. பஞ்சம் வந்தால்தானே படி!

அதே 2025 மார்ச்சில் முன்னாள் எம்.பி.க்களின் பென்ஷன் 25,000-லிருந்து 31,000 ஆயிற்று. பத்து வருஷ நிபந்தனை அங்கே இல்லை; எத்தனை நாள் இருந்தாலும் சரி. சபைக்கு வராத நாளை யாரும் கழிப்பதும் இல்லை.

கான்ட்ராக்டர் கட்டாவிட்டால் வேலை வாங்கிய நிறுவனம்தான் கட்டியாக வேண்டும் என்று பி.எஃப். திட்டத்தின் 30-ஆம் பத்தியில் இருக்கிறது. அதை அச்செடுத்துக்கொண்டு மருத்துவமனை ஆபீஸுக்குப் போனோம். மேஜைக்குப் பின்னால் இருந்தவர் தாளைத் தொடவில்லை. "அது அவுட்சோர்சிங்ம்மா" என்றார். 21 வருஷமாக அவர் கால் வைக்கும் தரையைத் துடைத்தவரிடம், நீ இங்கே வேலை செய்யவே இல்லை என்று இதைவிட மரியாதையாக யாராலும் சொல்ல முடியாது.

இன்னும் இரண்டே மாதம் வேலை செய்தால் ஒன்பதரை ஆகிவிடும். போன மாதம் டெண்டர் மாறிவிட்டது. இந்த முறை மெரூன் சட்டை. புதுக் கான்ட்ராக்டர் 55 வயதுக்கு மேல் ஆள் எடுப்பதில்லை. அக்காவுக்கு 56. ஐந்தாவது சட்டையைத் துவைத்துத் திருப்பிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். கொடுக்காவிட்டால் கடைசி மாதச் சம்பளத்தில் 350 ரூபாய் பிடித்துக்கொள்வார்களாம்.