ஒரு விரல் சுண்ணாம்பு

பனை உச்சியில் கட்டிய கலயத்தின் உட்புறம் ஒரு விரல் சுண்ணாம்பு தடவியிருந்தால், காலையில் இறங்குவது அக்கானி. தடவாமல் விட்டால் கள். களியக்காவிளைப் பக்கம் அந்த மறதிக்கு வழக்குப் போடுவார்கள். 1987 முதல் தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை. சாலையோடு நடந்து இஞ்சிவிளையில் காலை வைத்தால் கேரளம். உரிமம் பெற்ற ஷாப்பில் அதே கள்ளோடு மரச்சீனிக்கிழங்கும் மீன்கறியும் வைத்து உபசரிப்பார்கள். குடிப்பவன் ஈரலுக்கு மட்டும் இந்த எல்லை விவரம் போதாது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வீங்கித் தொலைக்கிறது.

2003 ஜனவரியில் தமிழக அரசுக்கு ஏழைகள்மேல் திடீர்க் கருணை பிறந்தது. கூலிக்காரன் குடும்பம் நடுத்தெருவுக்கு வருகிறதே என்று லாட்டரியை ஒழித்தது. அதே ஆண்டு நவம்பரில், மிச்சமிருந்த கருணையில், மதுக்கடைகளைத் தானே எடுத்து நடத்தத் தொடங்கியது. கேரளமோ 1967 முதல் லாட்டரிக்கென்று தனித் துறையே வைத்திருக்கிறது. பாறசாலையில் முச்சக்கர வண்டியில் சீட்டு விற்கும் கால் ஊனமுற்றவர் சொந்தக் காலில் நிற்கிறார் என்று பாராட்டு வாங்குவார். அதே வண்டியைக் கொஞ்சம் தெற்கே உருட்டினால் அவர் குற்றவாளி.

இந்த வித்தை இன்றைய சர்க்கார்கள் கண்டுபிடித்ததல்ல. இந்த எல்லையே 1956-ல்தான் வந்தது. அதற்கு முன் இரண்டு பக்கமும் ஒரே திருவிதாங்கூர் ராஜா. எல்லைக் கோட்டை அப்போது மனுஷர் உடம்பில் போட்டிருந்தார்கள்.

அந்தப் பனையில் ஏறிய சாணாரின் பெண்டாட்டிக்கு மேல்சீலை போட உரிமை இல்லை என்று 1829-ல் அரச விளம்பரம் வந்தது. சந்தையில் வைத்து அவள் துணியைக் கிழித்தவன் என்ன ஆனான் என்று கேட்காதீர்கள். அவன் ஆசாரம் காத்தவன். 1859 ஜூலை 26-ல் உத்திரம் திருநாள் மகாராஜா இறங்கிவந்தார். மனசு இளகி அல்ல, சென்னை கவர்னர் டிரெவெலியன் நெருக்கியதால். அந்த விளம்பரத்தைத் திவான் கச்சேரியில் எழுதினார்களா, தையல்கடையில் எழுதினார்களா என்று எனக்கு இன்றும் சந்தேகம். கிறிஸ்தவச் சாணாத்திகளைப்போல் குப்பாயம் போடலாம். முக்குவத்திகளைப்போல் முரட்டுத் துணி கட்டலாம். எப்படி வேண்டுமானாலும் மூடிக்கொள்ளலாம். மேல்சாதிப் பெண்களைப்போல் மட்டும் கூடாது! பத்மநாபதாசர் ராஜ்யத்தில் துணி குற்றமில்லையாம், மடிப்புதான் குற்றம்.

வெங்ஙானூரில் அய்யன்காளி 1893-ல் வில்லுவண்டி வாங்கி ராஜபாட்டையில் ஓட்டினார். அடிதடி. மாட்டுக்கு அந்த ரோட்டில் தடை கிடையாது. சாணி போட்டுக்கொண்டே போகலாம். வண்டிக்குள் இருந்த புலையருக்குத்தான் தடை.

பிறகு அவர் பஞ்சமி என்ற சிறுமியை ஊருட்டம்பலம் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனார். புலையப் பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்று அரசு உத்தரவே இருந்தது. பெஞ்சில் குழந்தை உட்கார்ந்தது. பள்ளிக்கூடம் எரிந்தது. ஊர்ப் பெரியவர்கள் வகுத்த தண்டனைச் சட்டத்தைப் பாருங்கள்: பெஞ்சில் உட்காருவது அக்கிரமம், பெஞ்சைக் கொளுத்துவது சுத்தம். நூறு வருஷத்துக்குப் பிறகு அந்தப் பள்ளிக்கே அய்யன்காளி, பஞ்சமி பெயரைச் சூட்டி மாலை போட்டார்கள். தீ வைத்த கைகளின் பெயரை எந்தச் சுவரிலும் காணோம்.

எழுதினவர்கள் யோக்கியதையும் சொல்லத்தான் வேண்டும். நெய்யாற்றின்கரையில் பிறந்த ‘சுதேசாபிமானி’ ராமகிருஷ்ண பிள்ளை, திவான் ராஜகோபாலாச்சாரியின் லட்சணத்தைப் பத்திரிகையில் கிழித்தவர். 1910 செப்டம்பர் 26-ல் அச்சுக்கூடத்தைப் பறிமுதல் செய்து அவரை நாடு கடத்தினார்கள். எழுத்தே குற்றமாகிவிட்டது. ஆனால் அதே 1910-ல், புலையப் பிள்ளைகளை மற்றப் பிள்ளைகளோடு உட்கார வைப்பது குதிரையையும் எருமையையும் ஒரே நுகத்தில் பூட்டுவதுபோல என்று எழுதியதும் அவர்தான். அதற்காக அவர் பேனாவை யாரும் பிடுங்கவில்லை. திவானைத் தொட்டால்தான் அரசுக்கு வலிக்கும்.

1936 நவம்பர் 12 காலையில் புலையர் அரசாங்கக் கோயிலுக்குள் காலெடுத்து வைத்திருந்தால் தீட்டு. ஆலயப் பிரவேச விளம்பரம் வந்தபின் அதே கால் வைத்தால் பக்தி. சாமிக்கு யாரும் நோட்டீஸ் கொடுத்ததாகத் தெரியவில்லை.

இன்றைக்குக் களியக்காவிளையில் பாறசாலை பஸ்ஸை நிறுத்துகிறார்கள். சீட்டுக்கு அடியில் துணிப்பை. உள்ளே பத்துக் கிலோ ரேஷன் அரிசி. அதைச் சேலைத் தலைப்பால் மூடியிருந்த ஓர் அம்மாவின் முகத்தில் அரிசி வெந்துவிடும், அவ்வளவு வேர்வை. இந்த அரிசி வீட்டு உலையில் வெந்தால் நலத்திட்டம், பஸ் ஏறினால் கடத்தல். “மவளைக் கட்டிக்குடுத்தது அங்கயாக்கும், சாரே. பிள்ளைக்குக் கஞ்சிக்கு.” சார் பைக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளிப் பார்க்கிறார். பஸ்ஸை உரசிக்கொண்டு, குமரியின் மலையொன்றைப் பொடித்து ஏற்றிய டிப்பர் கேரளத்துக்குப் போகிறது. பாரத்தில் டயர் பிதுங்குகிறது. பாஸ் இருக்கிறதாம்.

“நீ இறங்கு” என்கிறார் அம்மாவிடம்.