மிக்சியில் அடங்காத வினைச்சொற்கள்: ஓர் அரைகுறை ஆய்வு

தமிழ்நாட்டு வீட்டுப் பரண்களைத் துழாவும் ஆய்வாளருக்கு, பழைய சூட்கேசுக்கும் வெண்கலப் பானைக்கும் நடுவே ஓர் அட்டைப்பெட்டி தட்டுப்பட வாய்ப்பு அதிகம். பெட்டியின் நான்கு பக்கமும் சீவிய கேரட்டும் துருவிய முட்டைகோசும் வண்ணப் படங்களாகச் சிரித்துக்கொண்டிருக்கும். உள்ளே தெர்மாகோல் கூட்டில் அலுங்காமல் உட்கார்ந்திருப்பது ஃபுட் பிராசஸர் ஜார். கூடவே வட்டத் தகடுகள் நான்கு, மாவு பிசையும் பிளாஸ்டிக் கத்தி ஒன்று, பிரிக்காத பாலித்தீன் உறைக்குள் இன்னதென்று விளங்காத வெள்ளை உறுப்பு ஒன்று. வாங்கிய தேதி பில்லில் இருக்கும். கடைசியாகப் பயன்படுத்திய தேதியும் பெரும்பாலும் அதே பில்லில்தான் இருக்கும்.

இது ஏன் இப்படி ஆகிறது என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொண்ட சிக்கல். சோம்பல்தான் காரணம் என்று ஒரு தரப்பு வாதிடுகிறது. அந்தத் தரப்பில் இருப்பவர்கள் சமையற்கட்டுக்குள் தண்ணீர் குடிக்க மட்டுமே போகிறவர்கள் என்பதால், வாதம் தள்ளுபடி செய்யப்படுகிறது. கோளாறு வினைச்சொல்லில் இருக்கிறது என்பது இந்த ஆய்வின் கருதுகோள்.

கல்லில் நடக்கும் வேலைக்குத் தமிழ் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு காலம் தள்ளவில்லை. உரலில் இடிப்பார்கள், திரிகையில் திரிப்பார்கள், அம்மியில் அரைப்பார்கள், ஆட்டுக்கல்லில் ஆட்டுவார்கள். கருவி மாறினால் வினை மாறும். மாற்றிச் சொன்னால் பாட்டியின் முகம் மாறும். இந்த நான்கையும் ஒரே திருகில் அடக்க வந்ததுதான் மிக்சி. வந்தபின் மொழிக்கு நேர்ந்ததைக் கவனிக்க வேண்டும். "மிக்சியில அரை" என்று நிதானமாகச் சொல்பவர்கள்கூட, காலை எட்டு மணிக்குப் பள்ளி வேன் ஹாரன் கேட்டால் "ஒரு அடி அடிச்சிடு", "ஒரு சுத்து சுத்திடு" என்றுதான் சொல்கிறார்கள். நாலு வினை போய் அடி ஒன்றே மிஞ்சியது. வாய் இதை ஒப்புக்கொண்டுவிட்டது. அதே வாய்க்குள் இருக்கும் நாக்கு இன்னும் முழுக்க ஒப்புக்கொள்ளவில்லை. அம்மித் துவையல் என்றால் ஒரு கரண்டி சோறு கூடுதலாகத்தான் இறங்குகிறது.

மிக்சியின் வரலாறு ஒரு கருகல் வாசனையில் தொடங்குகிறது. சத்ய பிரகாஷ் மாத்தூர் மும்பையில் சீமென்ஸ் நிறுவனத்துப் பொறியாளர். அவர் மனைவி மாதுரி வைத்திருந்த ஜெர்மன் மிக்சர் ஒருநாள் மோட்டார் எரிந்து நின்றுவிட்டது. பழச்சாறு அடிக்கப் பிறந்த மோட்டார் அது. ஊறிய பருப்பையும் காய்ந்த மிளகாயையும் அதற்கு யாரும் முன்கூட்டி அறிமுகம் செய்துவைக்கவில்லை. மாத்தூர், நம் ஊர்ச் சமையலைத் தாங்கும் மோட்டாரோடு தாமே ஒன்றைச் செய்யத் துணிந்தார். 1960களில் அது 'சுமீத்' என்ற பெயரில் கடைக்கு வந்தது. ஒரு தலைமுறைக்கு மிக்சி என்றாலே சுமீத்தான்.

வெறுமனே ஓடும்போது மிக்சியின் பிளேடு நிமிடத்துக்கு ஏறக்குறைய 18,000 முதல் 20,000 முறை சுற்றுகிறது. மிளகாய்க்கும் தேங்காய்க்கும் அது போதும். உளுந்துக்கு அது கூடுதல். உளுந்தில் உள்ள வழுவழுப்பான கூட்டுச்சர்க்கரையும் குளோபுலின் வகைப் புரதமும் சேர்ந்துதான் காற்றைப் பிடித்துவைத்து மாவைப் பொங்கச் செய்கின்றன. அதற்கு நிதானமான உருட்டல் வேண்டும். மிக்சியோ வெட்டித் தள்ளுகிறது, மாவையும் சூடேற்றுகிறது. ஐஸ் தண்ணீர் விட்டு, நிறுத்தி நிறுத்தி அரைத்தால் ஓரளவு தப்பிக்கலாம். ஆனால் கிண்ணத்தில் மாவு காணாது. ஆகவே ஆட்டு என்ற வினை மட்டும் மிக்சிக்குள் அடங்க மறுத்தது. மிக்சி வருமுன்பே, 1955இல், அது கோயம்புத்தூருக்குத் தனிக்குடித்தனம் போயிருந்தது. அங்கே சபாபதி என்பவர் மின்சாரத்தில் ஓடும் கிரைண்டரை உருவாக்கினார். அதில் ஒரு தலைகீழ் மாற்றம்: ஆட்டுக்கல்லில் கல் சும்மா இருக்கும், குழவி சுற்றும், கிரைண்டரில் குழவி பிடிக்குள் நிற்கும், பாத்திரம் சுற்றும். பின்னாளில் கோயம்புத்தூர் வெட் கிரைண்டர் புவிசார் குறியீடும் பெற்றுவிட்டது.

மிக்சியும் கிரைண்டரும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல என்ற இந்த உண்மை, சட்டமன்றத் தேர்தல் வரைக்கும் போயிருக்கிறது. 2011இல் திமுக 'மிக்சி அல்லது கிரைண்டர்' தருவதாகச் சொன்னது. அதிமுக அந்த 'அல்லது' என்ற சொல்லை எடுத்துவிட்டு, மின்விசிறியையும் சேர்த்துக்கொண்டது. வென்று, அந்த ஆண்டு செப்டம்பர் 15 அன்று கொடுக்கவும் தொடங்கியது. ஓர் இடைச்சொல் ஆட்சியை மாற்றியது என்பது மிகைதான். இலக்கணம் படித்தவர்களுக்கு அந்த மிகை பிடிக்கும். ஃபுட் பிராசஸர் பற்றி இரண்டு பக்கமும் மூச்சு விடவில்லை என்பதை மட்டும் இங்கே குறித்துக்கொள்வோம்.

ஃபுட் பிராசஸர் பிறந்தது பிரான்சில். பியர் வெர்தோன், உணவகங்களுக்குச் சமையல் சாமான் விற்றவர். அங்கே சமையல்காரர்கள் காய் நறுக்குவதிலும் துருவுவதிலும் பாதிப் பொழுதைத் தொலைப்பதைப் பார்த்து 'ரோபோ கூப்' இயந்திரத்தைக் கொண்டுவந்தார். அதன் வீட்டு வடிவம் 1970களின் தொடக்கத்தில் 'மாஜிமிக்ஸ்' ஆனது. அமெரிக்கப் பொறியாளர் கார்ல் சோந்தைமர் அதைப் பார்த்து மயங்கி, 1973இல் சிகாகோ கண்காட்சியில் 'குசினார்ட்' என்று அறிமுகப்படுத்தினார். அகன்ற கிண்ணம், எஸ் வடிவக் கத்தி, மிக்சியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான வேகம். நறுக்கு, துருவு, சீவு, பிசை: இவைதாம் அதன் வினைகள்.

சிக்கலின் முடிச்சு இங்கேதான். இந்த நான்கில் ஒன்றுகூடக் கல்லுக்குச் சொந்தமில்லை. நறுக்கு அரிவாள்மனைக்குச் சொந்தம், துருவு தேங்காய்த் துருவிக்கு, பிசை கைக்கு. மிக்சி மோதியது தோளை நோகவைக்கும் கருங்கல்லோடு, அதனால் ஜெயித்தது. ஃபுட் பிராசஸர் மோதுவதோ, எடுத்த இடத்தில் கழுவி வைத்துவிடக்கூடிய ஒரு கத்தியோடு. நாலு வெங்காயத்தை நறுக்க இயந்திரத்துக்கு விநாடிகள் போதும். பிறகு கிண்ணம், மூடி, தள்ளுகட்டை, தகடு, நடுத்தண்டு ஐந்தையும் கழுவ வேண்டும். தண்டின் உள்துளையில் போய் ஒட்டிய வெங்காயத் தோலை எடுக்க ஊக்கு தேட வேண்டும். வேலைக்கு வரும் அக்கா அந்தத் தகட்டை ஒருமுறை தொட்டு விரலைக் கீறிக்கொண்டால், மறுநாளே பெட்டி பரண் ஏறிவிடும்.

இதனால் ஃபுட் பிராசஸர் வீண் என்று முடிவு கட்டுவது அவசரம். இருபது பேருக்குச் சப்பாத்தி மாவு பிசைய வேண்டிய நாளில் அதன் அருமை தெரியும். கிலோக் கணக்கில் முட்டைகோசு சீவவும், கேரட் அல்வாவுக்குத் துருவவும் அதைவிட நல்ல துணை இல்லை. தேங்காயைப் பத்தை போட்டு எஸ் கத்தியில் விட்டு விட்டு ஓட்டினால் பூப்போல வரும். பீன்ஸ் பொரியலுக்கு மட்டும் வேண்டாம். ஒரே அளவில் நறுக்கிய பீன்சைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது விபத்தில் சிக்கிய பீன்ஸாகத் தெரியும். வெங்காயத்தைத் தொடர்ந்து ஓட்டினால் நீர் விட்டுக் கசந்துபோகும். சட்டென்று திருப்பி, சட்டென்று விட வேண்டும். 'பல்ஸ்' என்று எழுதியிருப்பது இதற்குத்தான், பருப்புக்கு அல்ல.

இன்னொரு நிபந்தனை உண்டு: அது மேடையிலேயே இருக்க வேண்டும். ஸ்டூல் போட்டு ஏறி எடுக்க வேண்டிய எந்தக் கருவியும் தினசரிக் கருவி ஆனதில்லை. மேடையில் இடமில்லாத வீட்டுக்குத் தனி ஃபுட் பிராசஸர் வேண்டாம். மிக்சியோடு இணைப்பாக வரும் ஜாரே போதும்.

வாங்கப் போகிறவர்களுக்கு இந்த ஆய்வு சொல்லக்கூடியது கொஞ்சம்தான். ஆடித் தள்ளுபடியில் கடைக்காரர் கேரட்டைத்தான் சீவிக் காட்டுவார். கேரட் எந்த இயந்திரத்தையும் காட்டிக்கொடுக்காது. பார்க்க வேண்டியது சின்ன ஜாரை. தமிழ்ச் சமையலறையில் பெரிய ஜார் உப்புக்குச் சப்பாணி. ஆட்சி நடத்துவது சட்னி ஜார். ஒரு கைப்பிடித் தேங்காய், இரண்டு பச்சை மிளகாய், ஒரு கரண்டி பொட்டுக்கடலை. பிளேடு அடித்தட்டை ஒட்டி இருந்தால் இவை மசியும். உயரத்தில் இருந்தால் எல்லாம் சுவரில் ஏறி உட்கார்ந்துகொண்டு, பிளேடு வெறும் காற்றை அரைக்கும். அப்புறம் திறந்து, கரண்டியால் வழித்து, மூடி, மறுபடி திறந்து, வழித்து, பொறுமை இழந்து ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றி, சட்னியைச் சாம்பாருக்கு உறவாக்க வேண்டியதுதான்.

வாட் கணக்கில் மயங்குவோர் உண்டு. நாலு பேர் வீட்டுக்கு 750 வாட் தாராளம். ஒருநாளில் மொத்தம் 10 நிமிடம் ஓட்டினாலும் எட்டில் ஒரு யூனிட்தான் ஆகிறது. இரண்டு மாதத்துக்கு ஏழரை. இந்த ஏழரையைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அடியில் ஒட்டிய தகட்டில் '30 நிமிடம்' என்றிருப்பதை ஒரே மூச்சில் அரைமணி ஓட்டலாம் என்று படித்த குடும்பத் தலைவர்கள் இருக்கிறார்கள். ஐந்து நிமிடம் ஓட்டி இரண்டு நிமிடம் ஆற விடுவது அதற்குள் அடக்கம். மீறினால் மிக்சி நின்றுவிடும். வீடே "போச்சு" என்று அலறும். கவிழ்த்துப் பார்த்தால் அடியில் சிவப்புப் பொத்தான் ஒன்று வெளியே வந்திருக்கும். சற்றுப் பொறுத்து அதை அமுக்கினால் உயிர் வரும். இந்தப் பொத்தானை அறியாமல் கடைவரை தூக்கிப் போய், அங்கே ஒரே அமுக்கில் சரியானதும் வழிந்துகொண்டு திரும்பியவர்கள் அதன்பின் தெருவுக்கே வைத்தியர் ஆகிவிடுகிறார்கள்.

தமிழ்நாட்டில் கூரை ஓவிய மரபு சித்தன்னவாசல் தாமரைக் குளத்தோடு நின்றுவிட்டது என்பாரை, வதக்கிய தக்காளியைச் சூட்டோடு மூடி அடித்த சமையலறைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். ஆவி மூடியைத் தள்ளும். மீதியைக் கூரை சொல்லும். ஆற விட்டு அரைப்பது ஒன்றே வழி.

கல் உப்பைப் போட்டு ஓட்டினால் பிளேடு கூராகும் என்பது பரவலான நம்பிக்கை. மோஸ் கடினத்தன்மை அளவையில் உப்பு இரண்டரையைத் தாண்டாது; பிளேடு எஃகோ அதன் இரண்டு மடங்குக்கும் மேல். மெலிந்தவன் வலியவனைத் தீட்டுவது கதையில் நடக்கும். உப்பு எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்கும், அவ்வளவே. ஆனால் ஓட்டிய பிறகு நன்றாக அரைபடுவதாக எல்லாரும் சொல்கிறார்கள். பிசுக்கு போனதாலா, மனத்திருப்தியாலா என்று வாதம் தொடர்கிறது.

"அம்மி கொத்தலையோ" என்ற குரல் ஓய்ந்த தெருக்களில் இப்போது "மிக்சி, குக்கர், கேஸ் ஸ்டவ் ரிப்பேர்" என்ற ஒலிபெருக்கி வருகிறது. ரிப்பேர்காரர் ஜாரை வாங்கி, கவிழ்த்து, பிளேடை விரலால் ஆட்டிப் பார்க்கிறார். "கப்ளர் தேஞ்சிருச்சுக்கா. புஷ்ஷும் லூஸ். கார்பன் இன்னும் ரெண்டு மாசம் ஓடும்." மிக்சி வாங்கும் முன் கடைக்காரரைவிட இவரைக் கேட்பது நல்லது, எந்தக் கம்பெனி உதிரி தன் பையில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். ஃபுட் பிராசஸர் தகடு இருக்கிறதா என்று கேட்டால் மட்டும் நிமிர்ந்து பார்ப்பார். "அதெல்லாம் யாருக்கா தேய்க்கிறாங்க?"

இனி, தொடக்கத்தில் சொன்ன பெட்டி. நவராத்திரிக்குப் பொம்மை இறக்கும்போது அதுவும் கூடவே இறங்குகிறது. படி கட்டும்போது ஓர் உயரம் குறைகிறது. இரண்டு டிரங்குப் பெட்டிக்கும் மேலே வைத்தால் கச்சிதமாகப் பொருந்துகிறது. மேலே வெள்ளை வேட்டி விரித்தாயிற்று. கேரட் படம் மறைந்துவிட்டது. ஒன்பது நாளும் அதன்மேல் தசாவதார செட் நிற்கிறது, மச்சத்திலிருந்து கல்கி வரை, ஆடாமல்.