இறங்கி ஏறும் வேன்

வேனுக்குள் அடுப்பும் படுக்கையும் வைத்து ஊர் சுற்றுவது ஏதோ ஐரோப்பியக் கண்டுபிடிப்பாம். வல்லத்திலிருந்து அமாவாசைக்கு மேல்மலையனூர் போன பழைய மெட்டடாரில் ஸ்டவ், புளிசாதத் தூக்கு, பாய் எல்லாம் இருந்தன, விளம்பரம்தான் இல்லை.

மெட்டடார் முன்சக்கரத்தால் ஓடுவது. பின்பக்கம் போகும் தண்டு கிடையாது என்பதால் தளம் தாழ்வு, ஏற சௌகரியம். வேகத்தடையில்தான் வயிறு தட்டும். 3.7 மீட்டர் அகலத்தில் 10 சென்டிமீட்டர் உயரம் என்கிறது இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ். நம்மூர் மேஸ்திரி ராஜகிரி மலையைப் பார்த்து வளர்ந்தவர், அளவு கொஞ்சம் மாறும். "எல்லாரும் இறங்குங்க" என்பார் டிரைவர். இறங்கினால் வேன் ஓரிரு அங்குலம் நிமிரும், தாண்டிவிடும். இதைவிட மலிவான சஸ்பென்ஷன் ஜெர்மனியிலும் இல்லை.

மெட்டடாரின் டீசல் இன்ஜின் சொந்த வீட்டில் மட்டும் தங்கியதா? பெட்ரோல் செலவு கட்டுப்படியாகாத அம்பாசிடர்களிலும் ஜீப்புகளிலும் குடியேறியது. கனத்தில் அம்பாசிடரின் மூக்கு தணிய, பட்டறையில் டார்ஷன் பாரை முறுக்கி நிமிர்த்தினார்கள். இன்ஜினை மாற்ற ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும் என்கிறது 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. ஆர்.சி. புத்தகத்தைப் புரட்டினால், சில வண்டிகள் இன்றுவரை பெட்ரோலில்தான் ஓடுகின்றன.